மரக்கானா: ஆசனம் வந்தது, இடம் போனது

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரிலுள்ள மரக்கானா, உலகப் புகழ்பெற்ற உதைபந்தாட்ட அரங்காகும். 1950ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிக்காக இது கட்டப்பட்டது. அவ்வாண்டு யூலை 16ஆம் திகதி, ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்திருக்க, உருகுவே 2-1 என்ற கோல் கணக்கில் பிரேசிலை வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அக்காலத்தில் ஆடுகளத்தை ஒட்டி ‘ஜெரால்’ எனும் பகுதி இருந்தது. அங்கு ஆசனங்கள் இல்லை. நின்றுகொண்டே பார்க்க வேண்டும். ஆனால் கட்டணம் மிகக் குறைவு. எனவே ஏழைத் தொழிலாளர்களும் தம் அபிமான அணியின் ஆட்டத்தை நேரில் கண்டனர்.

1992இல் மேற்தட்டின் தடுப்பு வேலி உடைந்து மூவர் உயிரிழந்தனர். அதன்பின் பாதுகாப்பு பெரும் கவலையாயிற்று. 2005இல் ஜெரால் மூடப்பட்டு, அவ்விடத்தில் ஆசனங்கள் அமைக்கப்பட்டன. 2014 உலகக் கிண்ணத்துக்காக அரங்கு மீண்டும் புனரமைக்கப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. இப்போது அங்கு ஏறத்தாழ 78,000 பேர் அமரலாம். நுழைவுச்சீட்டின் விலையோ பலருக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்டது.

உயிர்களைக் காக்க ஆசனங்கள் வைத்தது சரியே. ஆயினும் ஆசனம் வைப்பது வேறு, விலையை உயர்த்துவது வேறு. முன்னர் நின்று பார்த்த ஏழைக்கு, அமர்ந்து பார்க்கவும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தால் அப்புனரமைப்பு முழுமை பெற்றிருக்கும்.