நடை 1 மணி நேரம், மீதி 23 மணி நேரம்?

எடையைக் குறைக்க நினைத்துக் கலோரி கணக்கிடும் செயலியைத் திறந்தால் வயது, உயரம், எடை எல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு கேள்வி வரும். உங்கள் உடலுழைப்பு எப்படிப்பட்டது? உட்கார்ந்த வேலையா, லேசானதா, மிதமானதா, கடுமையானதா? வயதும் உயரமும் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கேள்விக்கு மட்டும் பெரும்பாலோர் மனசுக்குப் பட்டதைத் தொட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். ‘ஒரு நாளைக்கு இத்தனை கலோரி சாப்பிடலாம்’ என்று கடைசியில் வரும் எண்ணைப் பெரிதும் மாற்றுவது அந்த ஒரு பதில்தான்.

அசையாமல் படுத்துக் கிடந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் உடல் ஆற்றலைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அடிப்படைச் செலவை உழைப்புக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்கினால் நாளின் மொத்தச் செலவு கிடைக்கும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைகளில் இந்தப் பெருக்கல் எண்கள் மூன்று: உட்கார்ந்த வேலைக்கு 1.4, மிதமான உழைப்புக்கு 1.8, கடும் உழைப்புக்கு 2.3. அதன்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு முறையே 2110, 2710, 3470 கலோரி. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1660, 2130, 2720 கலோரி. உட்கார்ந்த வேலையிலிருந்து ஒரு படி தவறாக ஏறிவிட்டால் ஆணுக்கு 600 கலோரி கூடிவிடும். ஏறத்தாழ ஒரு வேளைச் சாப்பாடு.

‘நான் தினமும் வாக்கிங் போகிறேன், அதனால் மிதமான உழைப்பு’ என்பதுதான் அடிக்கடி கேட்கும் பதில். அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அலுவலக ஊழியரின் நாள். 8 மணி நேரத் தூக்கத்தில் உடல் செலவழிப்பது அடிப்படைச் செலவின் 1 மடங்கு. மேஜை வேலை 8 மணி நேரம், 1.5 மடங்கு. குளியல், உடை மாற்றல் 1 மணி நேரம், 2.3 மடங்கு. சாப்பாட்டுக்கு 1 மணி நேரம், 1.5 மடங்கு. வண்டியில் போய்வர ஒன்றரை மணி நேரம், 2 மடங்கு. டிவி, போன், அரட்டை என்று மூன்றரை மணி நேரம், 1.4 மடங்கு. விடாமல் நடக்கும் 1 மணி நேரத்துக்கு 3.2 மடங்கு. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டி 24-ஆல் வகுத்தால் வருவது 1.45. நடையை எடுத்துவிட்டு அந்த நேரத்தையும் டிவி முன்னால் போட்டால் 1.38.

அதாவது, ஒரு மணி நேர நடை அந்த எண்ணை 0.07 அளவுக்குத்தான் உயர்த்துகிறது. 65 கிலோ ஆணுக்கு நூற்றுப் பத்து கலோரியை ஒட்டி. இதைப் படித்துவிட்டு யாரும் நடையை நிறுத்திவிடக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் நடை செய்கிற நன்மை கலோரிக் கணக்கில் அடங்காது. அந்த ஒரு மணி நேரத்தைக் காட்டி 1.8-க்குத் தாவத்தான் முடியாது. அந்த எண்ணைத் தீர்மானிப்பது மீதி 23 மணி நேரம்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். பல செயலிகள் உழைப்பை அளக்க ‘வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள்?’ என்று கேட்கின்றன. கட்டட வேலைக்குப் போகும் ஒரு சித்தாளிடம் இதைக் கேட்டால் ‘எதுவும் செய்வதில்லை’ என்பார். உடனே ‘உட்கார்ந்த நிலை’ என்று பதிவாகிவிடும். அவர் நாளைப் பாருங்கள். விடிவதற்குள் தண்ணீர் பிடித்து, சமைத்து, பெருக்கி, பஸ்ஸுக்கு நடக்கிறார். அதன் பிறகு ஆறு மணி நேரம் செங்கல்லும் சாந்துச் சட்டியும் தலையில். சாயங்காலம் வந்து மறுபடி அடுப்பு, துணி. மேலே போட்ட அதே கணக்கை இவருக்குப் போட்டால் எண் 2.2-ஐத் தாண்டுகிறது. 55 கிலோ எடை என்றால் அவருக்குத் தேவை 2600 கலோரிக்கு மேல். செயலியின் கீழ்ப்படி எண்ணான 1.2-ஐ வைத்தால் வருவதோ 1420. கிட்டத்தட்ட பாதி. அந்த எண்ணை நம்பி ஒருவர் சோற்றைக் குறைத்தால் மயக்கமும் தசை இழப்பும்தான் மிஞ்சும். பூ மார்க்கெட்டில் கூடை தூக்குபவர், வயலில் களை எடுப்பவர், மாடிப்படி ஏறி இறங்கி நான்கு வீடுகளில் வேலை செய்பவர் எல்லோருக்கும் இது பொருந்தும். உழைப்பு உடற்பயிற்சி என்ற பெயரில் வராததால் அது உழைப்பில்லை என்று ஆகிவிடாது.

மேலே சொன்ன 1.2-ஐக் கவனித்தீர்களா? தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உட்கார்ந்த வேலைக்கு 1.4 என்கிறது. பெரும்பாலான இணையக் கணிப்பான்கள் 1.2, 1.375, 1.55, 1.725, 1.9 என்ற ஐந்து படிகளை வைத்திருக்கின்றன. 1.2 என்பது நாற்காலியையோ படுக்கையையோ விட்டு எழ முடியாதவரின் நிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே இந்த ஐந்து படிக் கணிப்பான்களில் அலுவலக ஊழியருக்கு இரண்டாவது படியான 1.375 ஏறத்தாழப் பொருந்தும். சில செயலிகள் கீழ்ப்படியை வேண்டுமென்றே தாழ்வாக வைத்து, செய்யும் உடற்பயிற்சியைத் தனியாகக் கூட்டிக்கொள்கின்றன. அப்படிப்பட்ட செயலியில் நடையையும் சேர்த்து நினைத்து மேல்படியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தினமும் நடந்ததையும் பதிந்தால் ஒரே நடை இரண்டு முறை கணக்கில் ஏறும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கைக்கடிகாரம் காட்டும் கலோரி எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பைப் பெரும்பாலும் சரியாகச் சொன்ன கருவிகள், கலோரியில் தடுமாறின. இருப்பதிலேயே துல்லியமான கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது.

நாள் முழுக்க நாமறியாமல் செய்யும் அசைவுகளுக்கும் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவைன் குழுவினர் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். 1999-ல் வெளியான முடிவு: ஒருவருக்குச் சேர்ந்த கொழுப்பு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. நிற்பது, நடமாடுவது, உட்கார்ந்த இடத்தில் அசைந்துகொண்டே இருப்பது ஆகியவை சிலருக்குத் தானாகவே கூடியதுதான் இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம். ஆகவே எந்தப் படியைத் தேர்ந்தெடுத்தாலும் அது ஒரு தொடக்க மதிப்பீடு மட்டுமே.

அதைச் சரிபார்க்க வீட்டு எடை எந்திரம் போதும். காலையில் கழிவறை போய்வந்தபின், சாப்பிடும் முன், எடை பாருங்கள். தினசரி ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு வாரச் சராசரியை எழுதுங்கள். முதல் வாரம் குறைவதில் பெரும்பகுதி நீர். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மாதவிடாய் நாட்களில் நீர் கோத்து எடை கூடுவதும் உண்டு என்பதால் பெண்கள் முழுதாக ஒரு மாதம் பார்ப்பது நல்லது. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7700 கலோரி. எடை மாறாமல் இருக்க வேண்டிய அளவில் சாப்பிட்டும் நான்கு வாரத்தில் அரைக் கிலோ ஏறினால், தேர்ந்தெடுத்த எண் நாளுக்கு 140 கலோரி அதிகம் என்று அர்த்தம். அதைக் கழித்துவிட்டுத் தொடருங்கள்.

படியை மாற்றும் முன் தட்டையும் ஒருமுறை பாருங்கள். ‘குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை’ என்றவர்களை வைத்து நியூயார்க்கில் நடந்து 1992-ல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் சாப்பாட்டைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. தாளிக்க ஊற்றும் ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. அதை யாரும் எழுதிவைப்பதில்லை.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் இந்தச் செயலிகளின் எண்ணை வைத்துச் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே கர்ப்பிணிக்கு 350, பாலூட்டும் முதல் ஆறு மாதத்துக்கு 600 கலோரி கூடுதலாகச் சொல்கிறது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டபிறகே உணவைக் குறைக்க வேண்டும். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குத் தக்கபடி கொடுக்கப்பட்டது. வேலை மாறும்போதும், பணி ஓய்வு பெறும்போதும், கால் முறிந்து வீட்டில் இருக்கும்போதும் பழைய படியை விட்டுவிட்டு 24 மணி நேரக் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.