கடன் கேட்டுப் போகும் முன் உங்கள் சிபில் ரிப்போர்ட்டை ஒருமுறை பாருங்கள்

பவர் டில்லர் வாங்கக் கடன் கேட்டுப் போன ஒரு விவசாயி, "சிபில் சரியில்லை" என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தார். பயிற்சி முடிந்த பிறகு என்னிடம் அவர் கேட்டது இதுதான்: "ஒரு பைசா பாக்கி வைக்காதவன் நான். எனக்கு எப்படிங்க சிபில் கெட்டுப்போகும்?"

அவருடைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு வங்கியில் பயிர்க்கடனை வட்டியோடு கட்டியிருக்கிறார். ஆனால் கணக்கை முடித்துத் தரும்படி எழுதிக் கொடுக்கவில்லை. பிறகு ஏதோ ஒரு கட்டணம் அந்தக் கணக்கில் பற்று வைக்கப்பட்டு, சில நூறு ரூபாய் நிலுவையாக நின்றுவிட்டது. அந்தச் சில நூறு ரூபாய்தான் மாதக்கணக்கில் "கெடு தாண்டியது" என்று பதிவாகியிருந்தது. அவருக்கு இது தெரியவே தெரியாது.

இப்படி நடப்பவை நிறைய. பூச்சி வந்த பிறகு மருந்து தேடுவதைவிட வயலை வாரம் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நல்லது என்று நாங்கள் சொல்வோம். கடன் கணக்குக்கும் அதே வேலைதான்.

சிபில் என்பது என்ன?

சிபில் அரசு அலுவலகமும் இல்லை, வங்கியும் இல்லை. யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள், தவணையை எந்தத் தேதியில் கட்டினார்கள் என்ற விவரங்களை வங்கிகளிடமிருந்தும் நிதி நிறுவனங்களிடமிருந்தும் வாங்கிச் சேர்த்து வைக்கும் நிறுவனம். 2000-இல் தொடங்கியது. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று இந்த வேலையைச் செய்பவை நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. டிராக்டரை எல்லாம் ஒரே பெயரில் கூப்பிடும் வழக்கம் சில ஊர்களில் இருப்பதுபோல, நான்கையும் சேர்த்து நாம் "சிபில்" என்கிறோம்.

இந்த விவரங்களை வைத்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். அதுதான் ஸ்கோர். 750-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்ல ஸ்கோர் என்று கடன் கொடுப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் "இத்தனை மதிப்பெண் இருந்தால்தான் கடன்" என்று ரிசர்வ் வங்கி எந்த எண்ணையும் நிர்ணயிக்கவில்லை. அது ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று வைத்துக்கொள்ளும் அளவு. ஒரு வங்கி மறுத்த கடனை இன்னொரு வங்கி கொடுப்பதும் அதனால்தான்.

இதுவரை கடனே வாங்காதவர்களுக்கு ஸ்கோர் இருக்காது. ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பதிலாக "என்.ஹெச்." அல்லது "-1" என்று வரும். அது கெட்ட ஸ்கோர் இல்லை, வரலாறு இல்லை என்பதுதான் அர்த்தம். முதல்முறை கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதை மத்திய நிதித்துறை 2025-இல் நாடாளுமன்றத்திலேயே தெரிவித்திருக்கிறது. உங்கள் மகனோ மகளோ முதல்முறையாகக் கடன் கேட்டுப் போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். கமிஷன் மண்டியில் வாங்கிய முன்பணம், உரக்கடைக் கடன், ஊரில் வட்டிக்கு வாங்கியது எதுவும் இந்த ரிப்போர்ட்டில் வராது. மண்டிக்காரரிடம் இருபது வருடம் நாணயமாக நடந்திருந்தாலும் சிபிலுக்கு அது கணக்கில்லை. கூட்டுறவு சொசைட்டியில் வாங்கிய கடன் எல்லோருடைய ரிப்போர்ட்டிலும் தெரியும் என்றும் சொல்ல முடியாது.

விவசாயிகளுக்கு ஸ்கோர் எங்கே குறைகிறது?

நான் பார்த்தவரை, கடனைக் கட்டாமல் விட்டவர்களைவிட, தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் அதிகம்.

முதலில் கல்விக்கடன். பிள்ளை படிக்க வாங்கும் கடனில் அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவார்கள். படிப்பு முடிந்து வேலை கிடைக்கத் தாமதமாகும், தவணை நிற்கும். பிள்ளையின் ரிப்போர்ட்டில் விழும் அதே கரும்புள்ளி உங்கள் ரிப்போர்ட்டிலும் விழும். கிசான் கார்டைப் புதுப்பிக்கப் போகும்போதுதான் அது தெரியவரும். பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை என்றால் தவணை தொடங்கும் முன்பே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள், கால நீட்டிப்பு கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். பேசாமல் இருந்துவிட்டு, மூன்று வருடம் கழித்து "ஒரே தவணையில் பாதி கட்டினால் போதும்" என்று கடிதம் வந்ததும் நிம்மதியாகக் கட்டிவிடுபவர்கள் உண்டு. கடன் தீரும், ஆனால் ரிப்போர்ட்டில் அது "குளோஸ்டு" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். முழுத் தொகையும் கட்டவில்லை, வங்கி விட்டுக்கொடுத்தது என்று பொருள். அடுத்துக் கடன் கொடுப்பவர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் தயங்குவார். வேறு வழியே இல்லாதவருக்கு ஒருமுறைத் தீர்வு நல்லதுதான். சிறிது காலம் பொறுத்தால் முழுவதும் கட்ட முடியும் என்பவர் அவசரப்பட வேண்டாம்.

அடுத்தது ஜாமீன். மைத்துனர் டிராக்டர் வாங்கும்போது "சும்மா ஒரு கையெழுத்து" என்று போட்டிருப்பீர்கள். அந்தக் கடன் உங்கள் ரிப்போர்ட்டிலும் ஜாமீன்தாரர் என்ற பெயரில் இருக்கும். அவர் தவணை தவறினால் உங்களுக்கும் பாதிப்புதான். உறவில் கேட்டால் மறுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், தவணைத் தேதி எது, எவ்வளவு என்பதையாவது கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குழுக்கடனிலும் இதே கதை உண்டு. நுண்கடன் நிறுவனங்கள் குழுவுக்குக் கொடுத்தாலும் பதிவு தனித்தனி உறுப்பினர் பெயரில்தான் போகிறது. வீட்டில் பெண்கள் பெயரில் இரண்டு மூன்று குழுக்கடன்கள் இருந்தால் அவர்களுடைய ரிப்போர்ட்டையும் பாருங்கள். நிலமும் கறவை மாட்டுக்கடனும் அவர்கள் பெயரில் இருக்கும் வீடுகள் இன்று நிறைய.

டிராக்டர் ஷோரூமில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கி நாலைந்து நிதி நிறுவனங்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு நிறுவனமும் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கும். குறுகிய காலத்தில் இப்படிப் பல விசாரணைகள் பதிவானால் "இவர் கடனுக்கு அலைகிறார்" என்று கணக்காகி ஸ்கோர் இறங்கும். எந்த நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள். நீங்களே உங்கள் ரிப்போர்ட்டை எத்தனை முறை எடுத்துப் பார்த்தாலும் ஸ்கோர் குறையாது. "பார்த்தாலே குறையும்" என்று ஊரில் சொல்வது தவறு.

பயிர்க்கடனின் கெடு தனி

வீட்டுக்கடன், வண்டிக்கடன் எல்லாம் 90 நாள் கட்டாவிட்டால் வாராக்கடன். பயிர்க்கடனுக்கு அப்படி இல்லை. நெல், கடலை, மக்காச்சோளம் போன்ற குறுகிய காலப் பயிர் என்றால், கெடு தாண்டி இரண்டு பருவம் போன பிறகே வாராக்கடன். ஒரு வருடத்துக்கு மேல் வயலில் நிற்கும் நீண்ட காலப் பயிர் என்றால் ஒரு பருவம். கறவை மாடு, கோழி போன்றவற்றுக்கு வாங்கிய கடனுக்கு இந்தச் சலுகை கிடையாது, அங்கே 90 நாள் கணக்குதான். பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

வாராக்கடன் ஆக நாள் இருக்கிறதே என்று கெடுவைத் தாண்ட விடவும் வேண்டாம். 3 லட்சம் ரூபாய் வரையிலான கிசான் கார்டு பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் கழிந்து 4 சதவீதம்தான். 2 லட்சம் ரூபாய்க் கடனில் வருடத்துக்கு 6,000 ரூபாய் வித்தியாசம். ஒரு ஏக்கருக்கான உரச் செலவில் நல்ல பங்கு அது. நம் கூட்டுறவு சொசைட்டியில் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. உங்கள் கெடு தேதி எது என்று கடன் வாங்கும் அன்றே கேட்டு, பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

வெள்ளம், வறட்சியில் 33 சதவீதத்துக்கு மேல் பயிர் போய், அரசு பாதிப்பை அறிவித்தால், வங்கி அந்தக் கடனின் தவணைக் காலத்தை மாற்றி அமைக்க வழி உண்டு. அப்படி மாற்றியமைத்த கடன் உடனே வாராக்கடன் ஆகிவிடாது. வங்கியை நாடுவது கெடுவுக்கு முன்பாக இருக்கட்டும். அடங்கல், சேதக் கணக்கெடுப்பு விவரம் கையில் இருந்தால் பேச்சு சுலபம்.

எப்படிப் பார்ப்பது?

நான்கு நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை, ஸ்கோருடன் கூடிய முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். 2017 ஜனவரியிலிருந்து இது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொண்டால் வருடம் முழுக்கக் காசில்லாமல் கண்காணிக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

செல்போனில் சிபில் நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய், இலவச ஆண்டு ரிப்போர்ட் என்ற இடத்தைத் தேடுங்கள். பெயர், பிறந்த தேதி, பான் எண், செல்போன் எண் கேட்கும். செல்போனுக்கு ஓ.டி.பி. வரும், அதைப் போட்டால் ரிப்போர்ட் திறக்கும். அங்கே மாதச் சந்தா, கட்டணத் திட்டம் என்று ஆசை காட்டும் பொத்தான்கள் இருக்கும். அவற்றைத் தாண்டிப் போங்கள், கார்டு எண் எதையும் கொடுக்க வேண்டாம். வங்கியில் கொடுத்த செல்போன் எண்ணை மாற்றியிருந்தால் முதலில் வங்கியில் போய்ப் புதிய எண்ணைப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். தெரியாதவரிடம் பானையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிட்டு வெளியே டீ குடிக்கப் போகாதீர்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எல்லோருடைய கண்ணும் ஸ்கோர் மேலேதான் போகும். அதை விட்டுவிட்டு முதலில் கணக்குப் பட்டியலைப் பாருங்கள். அத்தனையும் நீங்கள் வாங்கிய கடன்தானா? கட்டி முடித்தது "குளோஸ்டு" என்று இருக்கிறதா? 2021-இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி பெற்றவர்கள், அந்தக் கடன் பட்டியலில் இருந்தால் நிலுவை பூஜ்யம் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். "000" என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. "030" என்றால் கெடு தாண்டி 30 நாள்.

பெயர்க் குழப்பத்தையும் கவனியுங்கள். நம் ஊரில் ஒரே தெருவில் மூன்று முருகேசன் இருப்பார்கள், மூவருக்கும் அப்பா பெயர் கந்தசாமியாகவும் இருக்கும். ஆதாரில் இனிஷியல் முன்னால், பானில் அப்பா பெயர் முழுதாக, வங்கியில் வேறு மாதிரி. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட பிறந்த தேதி ஒன்று, வாக்காளர் அட்டையில் இன்னொன்று. இப்படி இருந்தால் அடுத்தவர் கடன் உங்கள் பெயரில் வந்து ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

தவறு இருந்தால்

ரிப்போர்ட் எடுத்த அதே இணையதளத்தில் கட்டணமில்லாமல் புகார் பதியலாம். சிபில் தானாகத் திருத்தாது. கடன் கொடுத்த வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் வங்கிக் கிளையிலும் ஒரு மனு கொடுத்து, ஒரு நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். நிலுவை இல்லாச் சான்று இருந்தால் இணையுங்கள். தொடக்கத்தில் சொன்ன விவசாயியும் இதைத்தான் செய்தார். மீதித் தொகையைக் கட்டி, கணக்கை முடித்து, சான்று வாங்கினார். கணக்கு "குளோஸ்டு" ஆனது. ஆனால் முந்தைய மாதங்களின் தாமதக் கட்டங்கள் உடனே மறையவில்லை. கட்டணம் பற்றித் தனக்குத் தெரிவிக்கவே இல்லை என்று அவர் கொடுத்த புகாருக்குப் பிறகுதான் வங்கி அவற்றைத் திருத்தி அனுப்பியது. அந்தப் பருவத்துக்கு டில்லர் வாடகைக்குத்தான் ஓடியது.

புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்வு வர வேண்டும். அதில் வங்கிக்கு 21 நாள். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறை. வங்கிகள் 2025 ஜனவரி முதல் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை தகவலைப் புதுப்பித்து அனுப்ப வேண்டும் என்பதால், திருத்தம் ரிப்போர்ட்டில் ஏற முன்புபோல் நாளாவதில்லை.

"ஆயிரம் ரூபாய் கொடுங்கள், ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்" என்று வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம். உண்மையான பாக்கியை யாராலும் அழித்துத் தர முடியாது, தவறான பதிவைத் திருத்தக் காசு தேவையில்லை.

30 நாளிலும் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் ஏற்கும்படி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அங்கே போகும்போது வங்கியில் கொடுத்த மனுவின் ஒப்புகை நகலையும், புகார் எண்ணையும் கேட்பார்கள். இரண்டையும் பாஸ்புக்குக்குள்ளேயே வைத்திருங்கள்.