கரித்தூளைப் பாலித்தீனில் கலப்பது கண்டுபிடிப்பா?

பாலித்தீன் மின்சாரத்தைக் கடத்தாது, கரித்தூள் கடத்தும். இரண்டையும் சூடாக்கிப் பிசைந்தால்? கரி கொஞ்சமாக இருக்கும்வரை துகள்கள் தனித்தனியே கிடக்கும். ஓர் அளவைத் தாண்டியதும் துகளோடு துகள் தொட்டுச் சங்கிலியாகும், பிளாஸ்டிக்கே மின்கடத்தியாகிவிடும்.

தானாக மீளும் ஃபியூஸ் இந்தக் கலவையால் ஆனது. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புப் பட்டை, அவ்வளவுதான். மின்னோட்டம் எல்லை மீறினால் பட்டை சூடாகும். 130 டிகிரி செல்சியஸை ஒட்டி அடர் பாலித்தீனின் படிகங்கள் உருக, பட்டை உப்பும். துகள்கள் விலகிச் சங்கிலி அறும். மின்தடை ஆயிரம் மடங்குக்கும் மேல் எகிற, மின்னோட்டம் வெறும் கசிவாகிவிடும். மின்சாரத்தை நிறுத்தி ஆறவிட்டால் சங்கிலி மறுபடி கூடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண நேரத்தில் தடை குறைவாக இருக்கவேண்டும் என்று கரியைக் கூட்டினால், சூட்டில் சங்கிலி சரியாக அறாது. கரியைக் குறைத்தால் எப்போதும் தடை அதிகம். கலிஃபோர்னியாவின் ரேகெம் நிறுவனம் இதற்குத் தீர்வைக் கரியின் வகையில் தேடியது. துகளின் அளவையும் அதன் மேற்பரப்பையும் ஒரு விகிதத்தில் கட்டிக் காப்புரிமைகள் பெற்றது.

போட்டி நிறுவனமான போர்ன்ஸ் அவற்றை ரத்துசெய்யக் கோரி லண்டன் நீதிமன்றம் சென்றது. கரி கலந்த பாலித்தீன் பழைய சங்கதி. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த அதைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் 1966லேயே காப்புரிமை உண்டு. அப்படியிருக்க, ஏற்ற கரியைத் தேர்ந்தெடுப்பது புத்தாக்கமா, துறை தெரிந்தவர் யாரும் செய்துபார்க்கும் வழக்கமான வேலையா? ‘துறை தெரிந்தவருக்கு எளிதில் புலப்படும்’ என்றால் பிரிட்டனின் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்புரிமை நிற்காது. நீதிபதி ஹியூ லாடி அந்தக் காப்புரிமைகளை ரத்துசெய்தார்.

விடை தெரிந்தபின் எந்தப் புதிரும் எளிதாகத் தெரியும். அதனால் நீதிபதி, விண்ணப்பம் போட்ட நாளுக்குத் திரும்பிப் போய், கலவைக் கூடத்தில் நின்று பார்க்கவேண்டியிருக்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(இ) பிரிவும் கலவைகளுக்கு ஒரு நிபந்தனை வைக்கிறது: சேர்ந்த பொருள்களின் பண்புகள் வெறுமனே கூடியிருந்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. ஆகவே, இன்று கரியின் இன்னொரு வடிவமான கிராஃபீனைப் பிளாஸ்டிக்கில் கலக்கும் ஆய்வாளர் சரிப்பட்டு வந்த கலவையை மட்டும் எழுதிவைத்தால் போதாது. வழக்கமான கரிகளைப் போட்டுத் தோற்ற நாள்களின் அளவீடுகளும் குறிப்பேட்டில் வேண்டும். எதிர்பாராதது நடந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.