செயற்பாட்டுச் சாயங்கள்

செயற்பாட்டுச் சாயங்கள் என்பன நிறமூட்டுவதற்காக அன்றி, ஒளி, வெப்பம், உயிரணுக்கள் முதலியவற்றுடன் நிகழ்த்தும் வினைக்காகப் பயன்படுத்தப்படும் சாயங்கள் ஆகும். துணிச் சாயத்தில் நிறமே பயனாகும். செயற்பாட்டுச் சாயத்தில் மூலக்கூறின் செயலே முதன்மையானது. கடைச் சீட்டுகள், சூரிய மின்கலங்கள், கண் அறுவை மருத்துவம் எனப் பல துறைகளில் இவை பயன்படுகின்றன.

வேதியியல்

சாய மூலக்கூறுகளில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி அமைந்த நீண்ட தொடர் காணப்படும். இத்தொடரில் எலக்ட்ரான்கள் பரவியிருப்பதால், கட்புலனாகும் ஒளியின் (ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர்) ஆற்றலே அவற்றைக் கிளர்ச்சியுறச் செய்யப் போதுமானது. அவ்வாற்றல் வெளியேறும் வழியைப் பொறுத்துப் பயன் வேறுபடும்.

* ஒளியாக வெளியேறினால் அது உடனொளிர்தல் எனப்படும். 1871இல் அடால்ஃப் வான் பேயர் உருவாக்கிய ஃபுளோரசீன் நீல ஒளியை உறிஞ்சிப் பச்சை ஒளியை உமிழும். கைச் சிரையில் இதனைச் செலுத்தி, நீரிழிவு நோயாளியின் விழித்திரைக் குருதிக்குழாய்களில் உள்ள கசிவு கண்டறியப்படுகிறது.
* கிளர்ச்சியுற்ற எலக்ட்ரான் வேறு பொருளுக்குச் சென்றால் மின்னோட்டம் பெறலாம். 1991இல் ஓரீகன், கிரேட்சல் ஆகியோர் விவரித்த சூரிய மின்கலத்தில், சாயம் டைட்டானியம் ஈராக்சைடுக்கு எலக்ட்ரானை வழங்குகிறது.

ஒளியின்றி இயங்குவனவும் உள்ளன. வெப்பத்தாளில் நிறமற்ற சாயமும் அமிலத்தன்மையுள்ள ஒரு பொருளும் பூசப்பட்டிருக்கும். அச்சுமுனையின் வெப்பத்தில் அவை உருகிக் கலக்கும்போது சாய மூலக்கூறின் வளையம் திறந்து நிறம் தோன்றுகிறது.

கண்புரை அறுவையில்

கண்புரை அறுவையில் வில்லையைச் சூழ்ந்த மெல்லிய உறையில் வட்டமான திறப்பு செய்யப்படும். முற்றி வெண்மையாகிய கண்புரையில், ஒளி ஊடுருவும் இவ்வுறை பின்னுள்ள வெண்மையிலிருந்து பிரித்தறிய இயலாதது. வெட்டு வழிதவறினால் உறை பின்புறம்வரை கிழிந்து, வில்லை கண்ணின் உட்பகுதியில் விழக்கூடும்.

டிரிப்பான் நீலம் உறையை மட்டும் நீலமாக்கி இச்சிக்கலைக் குறைக்கிறது. இம்முறையை நெதர்லாந்தைச் சேர்ந்த மெல்லஸ் குழுவினர் 1999இல் வெளியிட்டனர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையுடன் இணைந்து 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப், குறைந்த விலையில் கண்ணக வில்லைகளைத் தயாரித்து வருவதுடன் இச்சாயத்தையும் தயாரித்துள்ளது. சிகிச்சைக்குத் தாமதமாக வருவோரிடம் முற்றிய கண்புரை மிகுதி என்பதால் இந்தியாவில் இதன் தேவை பெரிது.

இரு நீலங்கள்

டிரிப்பான் நீலத்தில் நான்கு சல்போனேட்டுத் தொகுதிகள் உள்ளன. நீரில் இவை எதிர்மின்னேற்றம் பெறுவதால், சிதையாத சவ்வுடைய உயிரணுவினுள் இச்சாயம் எளிதில் நுழையாது. இறந்த உயிரணுக்களை ஆய்வகத்தில் இனங்காண இதுவே உதவுகிறது. கருவிழியின் உட்புற உயிரணுக்கள் அறுவையின்போது காக்கப்படுவதற்கும் இப்பண்பு துணைசெய்கிறது.

மெத்திலீன் நீலமும் நீலமே. ஆயினும் அது நேர்மின்னேற்றமுடையது. உயிருள்ள உயிரணுக்களுக்குள்ளும் புகக்கூடியது. டிரிப்பான் நீலத்திற்குப் பதிலாக அது தவறுதலாகக் கண்ணினுள் செலுத்தப்பட்டு, கருவிழி வீங்கிப் பார்வை பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கருவிழியின் உட்புற உயிரணுக்கள் மனிதரில் மீண்டும் பெருகுவதில்லை என்பதால் இச்சேதம் நிலைத்துவிடலாம். எனவே, அறுவை அரங்கில் சாயம் நிறத்தால் அன்றி, குப்பியின் பெயர்ச்சீட்டால் உறுதிசெய்யப்பட வேண்டும்.