ஊரார் வாங்கிய நூல்

உளவியல், கல்வியியல், சமூகவியல் ஆகிய துறைகளின் நூல்கள் விலை மிக்கவை. சிற்றூர் மாணவர் அவற்றை எங்ஙனம் பெறுவர்?

இவ்வினாவிற்கு விடை தேடியவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் ஆவார். அவர்தம் இடைவிடாத முயற்சியின் பயனாக, 1948ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டுவரியுடன் நூலக வரியும் பெற அச்சட்டம் வழிவகுத்தது.

ஆதலின், காரியாபட்டியில் வீட்டுவரி செலுத்துவோர் அனைவரும் நூலகத்திற்குப் பொருள் உதவுகின்றனர். எழுத்தறியாத உழவர் ஈந்த காசும் அதில் உண்டு. மனம் சோர்ந்தவரைத் தேற்றும் முறையை, அக்காசால் வாங்கிய நூலில் ஏழை மாணவர் கற்கலாம். உள்ளூரில் இல்லாத நூலை விருதுநகர் மாவட்ட மைய நூலகத்தில் தேடலாம்.

ஊரார் பொருளால் வந்த நூல் திறக்கப்படாமல் கிடத்தல் தகுமோ? அதனைக் கற்றுப் பிறர்க்குப் பயன்படுதலே அவ்வுழவர்க்கு மாணவர் செய்யும் கைம்மாறு.