வதந்தியை நம்ப வைப்பது எது?

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. பிறகு மக்களிடையே உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற நம் நாட்டு உளவியலாளர் திரட்டினார். அதிர்வு பலமாக உணரப்பட்டும் சேதமே இல்லாத ஊர்கள் அவை. அங்கே ஆறுதலான பேச்சுதானே பரவியிருக்க வேண்டும்? பரவியதோ, இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்பது.

அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். நெஞ்சில் பயம் இருக்கிறது. பயப்படக் காரணம் கண்முன் இல்லை. இந்த முரண்பாட்டை மனம் தாங்காது. ஆகவே பயத்துக்குப் பொருந்தும் செய்தியைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. 1957இல் அவர் வெளியிட்ட முரண்பாட்டுக் கொள்கை இப்படித்தான் முளைவிட்டது. டார்ஜிலிங் மலைச்சரிவில் அழிவை நேரில் கண்டவர்களிடம் அத்தகைய வதந்தி இல்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

2018 மே மாதம், நமக்கு அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே நடந்ததை மறந்திருக்க மாட்டோம். கோயிலுக்கு வந்த மூதாட்டி பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. வாட்ஸ்அப் செய்திகள் ஊரெல்லாம் பயத்தை விதைத்திருந்த நேரம் அது.

அத்தகைய செய்தியை அனுப்புகிறவர் பெரும்பாலும் கெட்டவர் அல்லர், பயந்துபோன தகப்பனார். அவரை முட்டாள் என்று ஏசினால் பயம் போகாது. இன்னும் நாலு பேருக்கு அனுப்புவார். எனவே நம் குழுவில் அப்படி ஒன்று வந்தால் முதலில் அவருக்கே போன் செய்வோம். பிறகு கிளியனூர் காவல் நிலையத்தில் விசாரித்து, கிடைத்த பதிலை அதே குழுவில் போடுவோம்.