மணாலிப் பனியில் வாடகைச் சங்கிலி

அரையாண்டு விடுமுறை வந்தால் மணாலிக்குக் கிளம்பும் கூட்டம் தமிழ்நாட்டிலும் பெருகிவிட்டது. சண்டிகர் வரை விமானம். அங்கிருந்து வாடகைக் காரைத் தாங்களே ஓட்டிக்கொண்டு மலையேறுகிறார்கள். பனி கொட்டும் நாளில், மணாலியை அடுத்த சோலாங்குக்கு மேலே ஃபோர் பை ஃபோர் வண்டிகளையும், டயரில் சங்கிலி மாட்டிய வண்டிகளையும் மட்டும்தான் போலீஸ் விடுகிறது. மணாலியிலேயே சங்கிலி வாடகைக்குக் கிடைக்கிறது, மாட்டிவிடவும் ஆள் இருக்கிறது. ஓட்டுபவர் சீட்டை விட்டு இறங்காமலேயே வேலை முடிந்துவிடுகிறது.

கவலையே இங்குதான் தொடங்குகிறது. கடைசிவரை அந்தச் சங்கிலியோடு ஓட்டப்போகிறவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்தச் சக்கரத்தில் மாட்டினார்கள் என்றுகூடச் சிலர் பார்ப்பதில்லை. எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறதோ அதில்தான் சங்கிலி ஏற வேண்டும். எர்டிகாவுக்கு முன்சக்கரம், பொலேரோவுக்குப் பின்சக்கரம். இன்னோவாவில் கிரிஸ்டா என்றால் பின்னால், ஹைகிராஸ் என்றால் முன்னால். பெயரைப் பார்த்து ஏமாந்தால், சுழலாத சக்கரத்தில் சங்கிலியும் சுழலும் சக்கரத்தில் வெறும் டயருமாக வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும்.

மாட்டுவது கம்பசூத்திரம் இல்லை. டயர் அளவுக்கேற்ற சங்கிலியை முறுக்கில்லாமல் விரித்து, சக்கரத்தின் மேல் போர்த்தி, முதலில் உட்பக்கக் கொக்கி, பிறகு வெளிப்பக்கக் கொக்கி. கொக்கியின் திறந்த வாய் டயரைக் கிழிக்காதபடி வெளியே பார்த்திருக்க வேண்டும். சில மீட்டர் ஓட்டி, இறங்கி, மறுபடி இறுக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இந்த இரண்டாவது இறுக்கம்தான். தளர்ந்த சங்கிலி மட்கார்டை அறையும், பிரேக் குழாயையே அறுத்துவிடக்கூடும். டயருக்கும் பாடிக்கும் இடைவெளி குறைவான கார்களுக்கு மெல்லிய எஃகுக் கேபிள் வகை பொருத்தம்.

1904-ல் அமெரிக்காவின் ஹாரி வீட் இந்தச் சங்கிலிக்குக் காப்புரிமை வாங்கினார். சேற்றில் சிக்காமலிருக்க டயரில் கயிறு சுற்றிய வண்டிக்காரர்களைப் பார்த்து வந்த யோசனை அது. இன்றும் அதன் வேலை அவ்வளவுதான்: மெதுவாகப் போகும் வண்டிக்குப் பிடிப்பு தருவது. முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. இரண்டு சக்கரங்களில் மட்டும் மாட்டியிருந்தால் மற்ற இரண்டும் வழுக்கத் தயாராகவே இருக்கும். முன்னால் மட்டும் மாட்டிய வண்டி இறக்கத்தில் பிரேக் அடித்தால் வால் சுழன்றுவிடும். பின்னால் மட்டும் மாட்டியிருந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாமல் நேரே போகும். ஃபோர் பை ஃபோர் வண்டியும் ஏறத்தான் கெட்டி. பனிக்கட்டியில் நிற்கும்போது அதற்கும் மற்ற கார்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

சங்கிலி தார்ச்சாலையைக் கீறிப் பாழாக்குகிறது என்பாரும் உண்டு. உண்மைதான், பனியில்லாத இடத்தில் கழற்றிவிட வேண்டும். என் பயம் வேறு. சங்கிலி தரும் தைரியத்தில், சோலாங்கிலேயே திரும்பியிருக்க வேண்டியவர்கள் அடல் சுரங்கப்பாதை வரை போய்விடுகிறார்கள். 2020-ல் திறந்த அந்த ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. 2024 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன்பு, சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆயிரம் வண்டிகள் பனியில் சிக்கின. ஒரு கார் குறுக்கே நின்றால் போதும், பின்னால் சரியாகச் சங்கிலி மாட்டி வந்தவரும் நகர முடியாது.

சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு பாகிஸ்தானின் முர்ரி சாட்சி. 2022 ஜனவரியில் அங்கே பனியில் மாட்டிக்கொண்ட வண்டிகளில் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குளிருக்காக ஹீட்டர் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். சைலன்சர் வாயைப் பனி மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளேதான் வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது.

சொந்தமாக ஓட்டித்தான் போவீர்கள் என்றால், மலையேறும் முன் ஹோட்டல் வாசலிலேயே சங்கிலியை நீங்களே ஒருமுறை மாட்டி, கழற்றிப் பாருங்கள். அது முடியவில்லையென்றால் உள்ளூர் டாக்சியைக் கூப்பிடுங்கள். மேலே பனி கொட்டத் தொடங்கிவிட்டதாகத் தகவல் வந்தால், டயரில் சங்கிலி இருந்தாலும் கீழேயே தங்கிவிடுங்கள்.